வேகவைத்த பக்கிள்

"நல்லா வேக வுட்டு எடு சகாயம், அப்பத்தான் பல்லு ஒடியாம உள்ள போகும்."

என்னிடம் சொன்னதல்ல. காலையில் டீ குடிக்கப் போகிற வழியில், பாதி திறந்திருந்த அசெம்ப்ளி ஷெட் கதவு வழியாக வந்து காதில் விழுந்தது. பரிமளா அக்காவின் குரல். ஏதோ கிழங்கைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன், அப்புறம்தான் கால் தானாக நின்றது. பல் என்றால் எங்கள் கம்பெனியில் வாய்க்குள் இருப்பது இல்லை. பெல்ட் மாட்டுகிற பக்கிளின் பல். நான் கம்ப்யூட்டரில் வரைந்த பல். அதை எதற்கு வேகவைக்க வேண்டும்? திரும்பி வந்து எட்டிப் பார்த்தேன். கல்யாண மண்டபத்தில் வெந்நீர் போடுகிற மாதிரி ஒரு பெரிய அலுமினியக் குண்டா, அதற்குள் ஹீட்டர் கம்பி, மேலே ஆவி, ஆவிக்குள் சகாயம் அக்காவின் முகம். அவர் ஒரு வலைக்கூடையைத் தண்ணீரிலிருந்து தூக்கி உதறினார். கூடை நிறையக் கறுப்புப் பற்கள், பளபளவென்று, மீன் சந்தையில் எதையோ அள்ளி வைத்த மாதிரி. "என்ன அம்மணி, டீக்கா?" என்றார் பரிமளா அக்கா. நான் சிரித்தேன். எனக்குக் கேள்வி வந்தால் முதலில் சிரிப்புதான் வெளியே வரும், சிரிப்பைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள், கேள்வி உள்ளேயே நின்றுவிடும். ஆனால் இன்றைக்கு எப்படியோ கேட்டுவிட்டேன். "எப்ப இருந்துங்க்கா இப்படி வேகவெக்கறீங்க?" "அது ஆச்சு, பங்குனி வெயில்ல பல்லு படக்கு படக்குன்னு ஒடிஞ்சுட்டுக் கெடந்துச்சல்ல, அப்ப சூப்பர்வைசர் சொன்னாரு, சுடுதண்ணில போட்டு எடுங்கன்னு. இப்பப் பாரு." ஒரு பல்லை எடுத்துப் பக்கிளின் கூட்டுக்குள் தள்ளினார். டக். "ரப்பராட்டம் போகுது." ரப்பராட்டம். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி. ஒடிகிற பல்லுக்கெல்லாம் அவர்தானே திட்டு வாங்கியிருப்பார். நான் மறுபடியும் சிரித்தேன்.

இப்போது அந்த ரப்பராட்டம் என் கைப்பைக்குள் இருக்கிறது. பேக்கிங் மேசையிலிருந்து, பட்டை கோத்து முடித்த ஒன்றை எடுத்து, ஈரக் கைக்குட்டையில் சுற்றி, அதன் மேல் பால் கவர் ஒன்றைச் சுற்றி வைத்திருக்கிறேன். திருடின மாதிரி இருக்கிறது. நான் வரைந்ததை நானே எடுத்ததற்குத் திருட்டு என்று பெயரா? மடியில் இருப்பது இன்னொன்று, அதிகாரபூர்வமானது, காற்றுப் புகாத உறைக்குள் ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலத்தோடு சேர்த்து ஒட்டிய சாம்பிள். உறையின் மூலையில் சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம். என் மேலதிகாரி சென்னியப்பன் சார் காலையில் பூஜை ஷெல்பில் வைத்து எடுத்துக் கொடுத்தார். அவர் முன் சீட்டில் இருக்கிறார், டிரைவர் ரங்கராஜ் அண்ணன் பக்கத்தில், நான் பின்னால் தனியாக. மலுமிச்சம்பட்டியில் ஏறினோம், பீளமேட்டில் இறங்க வேண்டும். அங்கே குழந்தை பெல்ட் விற்கிற கம்பெனி. ஸ்கூட்டரில் போகும்போது குழந்தையை அப்பாவோடோ அம்மாவோடோ சேர்த்துக் கட்டுகிற பெல்ட். பெல்ட் அவர்களுடையது, அதை மாட்டுகிற பக்கிள் எங்களுடையது. இன்றைக்கு அவர்கள் கண் முன்னால் ஒன்றை மெஷினில் மாட்டி இழுத்துக் காட்டினால், தாங்கினால், கையெழுத்து. கையெழுத்தானால் அடுத்த வாரம் கடைகளில். இதுதான் விஷயம். இவ்வளவுதான் விஷயம். ஆனால் மடியில் இருப்பது வேகாதது, கடைக்குப் போகப்போவது வெந்தது, இது இந்தக் காரில் என் ஒருத்திக்குத்தான் தெரியும், நான் பின் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பக்கிள் நைலான், நைலான் ஈரம் குடிக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, கல்லூரியில் படித்தது, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். அச்சிலிருந்து விழுந்த சூட்டோடு இருக்கிற நைலான் எலும்பு மாதிரி, விறைப்பாக, வளைத்தால் ஒடிகிற கோபத்தோடு இருக்கும். தண்ணீர் உள்ளே போகப் போகக் கோபம் இறங்கி நெகிழ்ந்துவிடும். வேகவைப்பது தப்பில்லை, எல்லா இடத்திலும் செய்வதுதான், ஒடியாமல் இருக்க அது ஒரு வழி. ஆனால் நெகிழ்கிற பல் உள்ளே போகும்போது மட்டுமா நெகிழும்? இழுத்தாலும் நெகிழும். பல்லின் முன்பக்கம் சரிவு, அந்தச் சரிவில் வழுக்கி உள்ளே போகும், போனதும் விரிந்து கூட்டின் காதில் உட்காரும், அதுதான் டக். பின்பக்கம் நேர்ச்சுவர். நேர்ச்சுவர் இருப்பதால் திரும்பி வர முடியாது. வரைபடத்தில் நேர்ச்சுவர். வரைபடத்தில் எல்லாச் சுவரும் நேர்ச்சுவர்தான். நெகிழ்ந்த பல்லைப் பெரிய பாரம் இழுக்கும்போது அந்தச் சுவர் கொஞ்சம் சாயும், சாய்ந்த சுவர் சரிவாகிவிடும், சரிவானால் வழுக்கும். பெரிய ஆள் ஒருவர் பிடித்துத் தொங்கினாலும் தாங்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். காய்ந்தது தாங்கியது. எங்கள் சோதனை அறையில் ஒரு வழக்கம் இருக்கிறது, அச்சிலிருந்து வந்ததில் நல்லதாகப் பார்த்து எடுத்து உடனே உறைக்குள் போட்டு ஒட்டிவிடுவார்கள், தூசி படக்கூடாது, கீறல் விழக்கூடாது, வாடிக்கையாளர் பார்க்கிற பொருள் இல்லையா. ஏசி அறை, ஒட்டின உறை, உறிஞ்சுகிற பொட்டலம். அந்த உறைக்குள் ஒரு பாலைவனம். அங்கே வளர்ந்தவைதான் எல்லாப் பரீட்சையிலும் தேறின. ஷெட்டில் வேகிறது என்பது சோதனை அறைக்குத் தெரியாது, சோதனை அறையில் எதை இழுக்கிறார்கள் என்பது ஷெட்டுக்குத் தெரியாது, நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு, அதில் செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று எழுதியிருக்கிறது. வெந்ததை யாரும் இழுத்துப் பார்த்ததில்லை. ஒருவேளை தாங்கும். தாங்கலாம். பாதிக்குப் பாதி பலம் போனாலும் நான் முதலிலேயே கூட வைத்துத்தானே வரைந்தேன். எவ்வளவு கூட? கணக்கு மண்டைக்குள் ஆரம்பிக்கிறது, பல்லின் தடிமன், நீளம், வளைவு, பாதியில் ரங்கராஜ் அண்ணன் பிரேக் அடிக்கிறார், கணக்கு சிதறுகிறது, மறுபடி முதலிலிருந்து.

சுந்தராபுரம் சிக்னல். சாரல் விழுகிறது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று, மழை என்றும் சொல்ல முடியாது, ஜன்னல் கண்ணாடியில் ஊசி ஊசியாக ஒட்டுகிறது. இந்த ஊரில் ஆனியிலிருந்து இப்படித்தான். அப்படியென்றால் வேகவைக்காததுகூட? அதுவும்தானே. யாரும் வேகவைக்க வேண்டாம், இந்தச் சாரலே மெதுவாக வேகவைத்துவிடும், வீட்டு வாசலில் தொங்குகிற பெல்ட், ஸ்கூட்டர் டிக்கியில் சுருட்டிக் கிடக்கிற பெல்ட், எல்லாம் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கும். உறைக்கு வெளியே எதுவும் காய்ந்தே இருப்பதில்லை. காருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டுகிறவர் முதுகில் ஒரு குழந்தை கன்னத்தை வைத்துத் தூங்குகிறது, வாய் திறந்திருக்கிறது. இரண்டு பேரையும் சேர்த்து ஒரு ஈரிழைத் துண்டால் கட்டியிருக்கிறார், முடிச்சு அவர் வயிற்றில். துண்டு நனைந்திருக்கிறது. பருத்தி முடிச்சு நனைந்தால் இறுகும். நைலான் நனைந்தால் நெகிழும். அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் நான் பார்ப்பதைப் பார்த்து வண்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டார். வெட்கமாகப் போயிற்று. முன் சீட்டில் கீங் கீங் என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. ரங்கராஜ் அண்ணன் டேஷ்போர்டிலிருந்து ஒரு சின்ன இரும்பு நாக்கை எடுத்து, சீட் பெல்ட் மாட்டுகிற ஓட்டையில் செருகினார். டக். சத்தம் நின்றது. பெல்ட் அவர் முதுகுக்குப் பின்னால் சும்மா தொங்குகிறது. "என்ன ரங்கராஜு, டுபாக்கூர் வேலை?" என்றார் சார். "கத்தியே கொல்லுதுங்க சார். ஒரு டக்கு குடுத்துட்டா வாயை மூடிக்குது பாருங்க." "உன் வீட்டுக்காரிக்கும் இப்படி ஒண்ணு வாங்கி வெச்சிருக்கியா?" "அதுக்குத்தான் சார் தேடிட்டு இருக்கறேன், எந்தக் கடையிலயும் இல்லீங்களே." இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணாடியில் என் சிரிப்பைப் பார்த்தேன், டக்கென்று வந்து உட்கார்ந்த சிரிப்பு. சத்தம் வந்தால் போதும் எல்லோருக்கும். சத்தம் வந்தால் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம், மாட்டிக்கொண்டால் பத்திரம் என்று அர்த்தம். அந்த டக்குக்காக நான் எவ்வளவு நாள் உழைத்தேன். சத்தம் சன்னமாக இருந்தது, பல்லின் நுனியைத் தடிப்பாக்கி, கூட்டின் காதைக் கூர்மையாக்கி, கடைசியில் ஒரு நாள் சார் கண்ணை மூடிக்கொண்டு காது பக்கத்தில் வைத்து மாட்டிப் பார்த்து, "இது டக்கு" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் எனக்குள் டக் டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆதிராவுக்கும் அந்த டக்குதான் பிடிக்கும். அக்கா மகள். அந்தப் பெல்ட்டை நான் வேறு கொண்டுபோய்க் கொடுத்தேன். கம்பெனியில் ஆளுக்கொரு பெல்ட் கொடுத்தார்கள், வீட்டில் குழந்தை இருக்கிறவர்கள் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்று, எனக்குக் குழந்தை இல்லை, ஆனாலும் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். அது எந்தக் கூடையில் வந்தது? வெந்ததா, வேகாததா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. அதே கறுப்பு, அதே வழுவழுப்பு. ஆதிரா மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் விரலால் அமுக்கித் திறப்பாள், மாட்டுவாள், திறப்பாள். "சித்தி, டக்கு!" என்பாள், நான்தான் அதற்குள் உட்கார்ந்து சத்தம் போடுகிற மாதிரி. மாமா அவளைப் பள்ளியிலிருந்து மதியம் அழைத்து வருவார். மணி பார்த்தேன். போனை எடுத்தேன். இன்னைக்குப் பெல்ட் போட வேண்டாம் என்று டைப் செய்தேன். அழித்தேன். போடாவிட்டால்? பாதி பலமுள்ள பெல்ட்டா, பெல்ட்டே இல்லாத முதுகா, எது மேல்? பாதி மேல்தான், பாதிக்குப் பாதியாவது பிடிக்கும். ஆனால் பெல்ட் இருக்கிறது என்ற தைரியத்தில் மாமா ஒரு கையை விட்டுவிடுவார், முன்பெல்லாம் பின்னால் கை விட்டு அவளைப் பிடித்துக்கொண்டே ஓட்டுவார், இப்போது அந்தக் கை இல்லை, அந்தக் கைக்குப் பதிலாக என் பல். போன் செய்தேன். சாருக்குக் கேட்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "சொல்லுடி, சீக்கிரம், குக்கர் வெச்சிருக்கேன்," என்றாள் அக்கா. "ஒண்ணுமில்லக்கா. மாமா கிளம்பிட்டாரா?" "இப்பத்தான். மழைக்கோட்டத் தேடிட்டு நின்னாரு, அது கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. ஏன்?" "பெல்ட்டு..." "எடுத்துட்டுத்தான் போயிருக்காரு. அது இல்லாம உங்கொக்கா மக வண்டில ஏறினாத்தானே? டக்கு சத்தம் கேட்டாத்தான் போலாம்ங்கறா, பெரிய ஆபீசராட்டம். ஏன்டி, என்னாச்சு?" "ஒண்ணுமில்ல. மெதுவா வரச் சொல்லு." "அவரா? அவரு போற வேகத்துக்கு மாட்டு வண்டிக்காரன் ஹார்ன் அடிக்கறான். வெக்கறேன், விசில் வந்துருச்சு." வைத்துவிட்டாள். ஒண்ணுமில்ல. இரண்டு தடவை சொன்னேன். எனக்கு நன்றாக வருகிற ஒரே வார்த்தை அதுதான், சரிவில் வழுக்கிக்கொண்டு வரும்.

ஆத்துப்பாலம். இங்கே பாலத்தின் மேல் ஏறினால் வேகம் பிடிக்கும், பீளமேடு பக்கத்தில் வந்துவிடும். உறை ஒட்டிய விளிம்பை நகத்தால் நெருடிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் அம்மா ஒரு புது டிபன் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தாள், பச்சை நிறம், நாலு பக்கமும் மடக்குக் காது வைத்த மூடி. மதியம் அது திறக்கவில்லை. ஒரு காதை நெம்பினால் இன்னொன்று போய் மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் எல்லோரும் சாப்பிட்டார்கள். டீச்சர் இரண்டு பெஞ்சு தள்ளி இருந்தார்கள், டீச்சர் திறந்து தாங்க, இவ்வளவுதான் சொல்ல வேண்டும், வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், சரியாக இருந்தது, மறுபடி சொல்லிப் பார்த்தேன், அதற்குள் மணி அடித்துவிட்டது. சாயங்காலம் அம்மா ஒரே இழுப்பில் திறந்தாள். தயிர்சாதம் புளித்த வாசம். "யாருகிட்டயாவது குடுத்துத் திறக்கச் சொல்ல வேண்டியதுதானே, வாயில என்ன கொழுக்கட்டையா?" இந்த வேலைக்கு நான் வந்ததே அந்த மூடியால்தான் என்று சில சமயம் தோன்றும். எது எங்கே மாட்டுகிறது, எதை அமுக்கினால் விடும், பார்த்துக்கொண்டே இருப்பேன், ஷாம்பு பாட்டில், ரிமோட்டின் பேட்டரி மூடி, பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் கிளிப். நேர்முகத் தேர்விலும் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக உட்கார்ந்திருந்தேன், கேட்ட எதற்கும் பதில் வரவில்லை. மற்ற இரண்டு பேரும் காகிதத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சென்னியப்பன் சார்தான், "சரி, அந்த மூடி ஏன் கழண்டு விழாம நிக்குது, அதைச் சொல்லு" என்றார். சொன்னேன். உள்ளே ஒரு வரம்பு இருக்கிறது என்று ஆரம்பித்து, மூடியில் ஏன் ஓட்டை, ஏன் மூன்று மேடு, நாலு இல்லை, எல்லாம் சொன்னேன். அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக் கட்டைவிரலால் மூடியின் ஓரத்தை நெகிழ்த்திப் பார்த்தார். அது அவர் பழக்கம், எந்த பிளாஸ்டிக்கைக் கொடுத்தாலும் முதலில் கட்டைவிரல். அப்படிப்பட்டவரிடம் எனக்கு ஏன் பயம்? திட்டுவார் என்றா? திட்டவே மாட்டார். அதுதான். அவர் முகம் வாடிப்போகும். இந்தப் பக்கிளைப் பார்க்கிற எல்லோரிடமும், எங்க கோகிலவாணி போட்ட டிசைன், பேசமாட்டா, ஆனா பக்கிள் பேசும், என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சந்தனம் வைத்திருக்கிறார்.

ஒடிந்ததே ஏன் என்று யோசி. பல்லின் அடியில், அது தண்டோடு சேருகிற மூலையில், ஒரு வளைவு வேண்டும் என்று வரைந்திருந்தேன். கூர்மூலையாக இருந்தால் வளைகிற வலியெல்லாம் அங்கேயே போய்க் கூடும், அங்கேதான் விரிசல் விடும். அச்சு வெட்டுகிறவர்கள் மூலையைக் கூராகவே விட்டுவிட்டார்கள், அந்த வளைவுக்குத் தனியாக ஒரு கருவி செய்ய வேண்டும், நாளாகும். கூட்டத்தில் நான் சொன்னேன். அடியில ஒரு வளைவு வேணுங்க, என்று சொன்னேன், அப்போது யாரோ நாற்காலியை இழுத்தார்கள், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். மூலை கூராக இருந்தது, அதனால் ஒடிந்தது, ஒடிந்ததால் வேகவைத்தார்கள், வெந்ததால் நெகிழ்ந்தது. ஒரு நாற்காலிச் சத்தத்திலிருந்து இந்தக் கார் வரைக்கும் ஒரே கோடு. ஒரு தடவை சொல்ல என்னால் முடியும். எப்படியாவது, நாக்கைப் பிடித்துத் தள்ளி, ஒரு தடவை சொல்லிவிடுவேன். இரண்டாவது தடவைதான் முடியாது. முதல் தடவை சொன்னது யாருக்கும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அதே வார்த்தைகளை இன்னும் சத்தமாக, எல்லோரும் திரும்பிப் பார்க்க, அதற்குள் அந்த வார்த்தைகளே அசட்டுத்தனமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். அதனால் இந்த முதல் தடவையைச் சரியான நேரத்தில் சொல்ல வேண்டும். ஹார்ன் இல்லாதபோது. போன் அடிக்காதபோது. உக்கடம் குளம் கண்ணாடியில் சாம்பலாக ஓடுகிறது. இப்போது. இந்த லாரி போகட்டும். இப்போது. சார் தலைமுடியைக் கோதுகிறார், கோதி முடிக்கட்டும். "சார்." "ம்?" "வேகவெச்சதை நாம இழுத்துப் பார்க்கலைங்க சார்." சொல்லிவிட்டேன். சொன்ன அதே நொடி அவர் சட்டைப் பையில் போன் பாடியது. "ஆ, மேடம், வணக்கம் வணக்கம், வந்துட்டே இருக்கறமுங்க, லட்சுமி மில்ஸ் தாண்டிட்டா நேரா உங்க வாசல்தான்." சிரிக்கிறார். மழையைப் பற்றிப் பேசுகிறார். கேட்டதா? ம் என்றாரே, அது எதற்குச் சொன்ன ம், சார் என்றதற்கா, சொன்னதற்கா? காது லேசாக இந்தப் பக்கம் திரும்பியது. இல்லை, போனை மாற்றிப் பிடித்தார். கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறாரோ? வேகவெச்சது என்றால் அவருக்கு என்ன புரியும், எனக்கே காலையில் கிழங்கு என்றுதானே புரிந்தது. ஷெட்டில் வேகவைக்கிறார்கள் என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும். நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். போனை வைத்தார். வைப்பரின் சத்தம் மட்டும். அப்புறம் அவரே, திரும்பாமல், "கோகிலா, ஏதோ சொன்னியே, என்னம்மா?" என்றார்.

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி அவரே கேட்டுவிட்டார். நுழைய வேண்டியதுதான் பாக்கி. எனக்கு எதிரில் அவருடைய பின்மண்டை, அதில் நரைத்த கோடு, அதற்கு மேல் கண்ணாடியில் ரங்கராஜ் அண்ணனின் கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டு. "ஒண்ணுமில்லீங்க சார்."

"பயப்படாதம்மா. காய் நல்ல காய். நீ மெஷின்ல மாட்டு, மத்ததை நான் பேசிக்கறேன்." பக்கிளைத்தான் அவர் காய் என்பார். ரங்கராஜ் அண்ணன், "பாப்பாவுக்குப் பேசறதுக்கும் ஒரு டக்கு வேணும் போலிருக்குது சார்" என்றார், யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பீளமேடு வரைக்கும் எனக்கு எதுவும் நினைவில்லை, அல்லது ஒன்றே ஒன்றுதான் நினைவிருக்கிறது, அந்தத் துண்டின் முடிச்சு, திரும்பத் திரும்ப, மாமா வயிற்றில் அந்த முடிச்சு இருக்கிற மாதிரி, ஆதிரா வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற மாதிரி. தாங்கினால் நான் முட்டாள். வாடிக்கையாளர் முன்னால் சம்பந்தமில்லாமல் ஈரத்துணியை எடுத்து நீட்டிய முட்டாள். தாங்கட்டும், நான் முட்டாளாகவே இருக்கட்டும். தாங்காவிட்டால்? தாங்காவிட்டால் அது மெஷினில் அறுபடும், இல்லையென்றால் வேறெங்கோ, ஏதோ ஒரு வேகத்தடையில், ஏதோ ஒரு முதுகில். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று தெளிவாகத் தெரிகிறது, இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் உள்ளே ஏதோ ஒன்று, உறை நன்றாகத்தானே ஒட்டியிருக்கிறது, சந்தனம் வைத்திருக்கிறதே, இன்றைக்கு இது முடியட்டும், நாளைக்கு ஆபீசில் தனியாகச் சாரிடம் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குக் காலையில், அவர் டீ குடித்த பிறகு, என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாளைக்கு. அந்த வார்த்தைக்கும் முன்பக்கம் சரிவு.

அவர்களுடைய சோதனை அறை எங்களுடையதைவிடச் சின்னது, ஏசி அதிகம், தரை வழுக்குகிறது. வினோதினி மேடம் என்று அறிமுகம் செய்தார்கள், அவர்கள்தான் கையெழுத்துப் போட வேண்டியவர், என் வயதுக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு சின்ன சாவிக்கொத்து, அதில் குழந்தையின் போட்டோ போட்ட வில்லை. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். பல் இன்னும் முளைக்காத சிரிப்பு. "நீங்கதான் டிசைனரா? சார் உங்களைப் பத்தித்தான் பேசிட்டே இருப்பாரு." தலையாட்டினேன். மெஷின் நடுவில் நின்றது, மேலே ஒரு தாடை, கீழே ஒரு தாடை, முன்னால் கண்ணாடிக் கதவு மேலே தூக்கியிருந்தது, ஏதாவது அறுந்து தெறித்தால் முகத்தில் படாமலிருக்க. "ஆரம்பிக்கலாங்களா?" என்றார்கள் மேடம். "கோகிலா, மாட்டும்மா," என்றார் சார். உறை கையில் இருந்தது. அதைக் கிழிக்க ஒரு மூலையில் வெட்டு விட்டிருக்கும், அங்கே பிடித்து இழுத்தால் சர்ரென்று வரும், அதையும் நான்தான் யோசித்துச் சொன்னேன், சுலபமாகத் திறக்க வேண்டும் என்று. விரல் அந்த வெட்டின் மேல் இருந்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்து நகத்தில் ஒட்டியது. டீச்சர் திறந்து தாங்க. அடியில ஒரு வளைவு வேணுங்க. யாராவது நாற்காலியை இழுப்பார்கள் என்று காத்திருந்தேன், இந்த அறையில் நாற்காலியே இல்லை. உறையை மேசை மேல் வைத்தேன். கைப்பையைத் திறந்தேன். பால் கவர் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஈரக் கைக்குட்டையைப் பிரித்து, பக்கிளை எடுத்து, மேல் பட்டையை மேல் தாடையிலும் கீழ்ப் பட்டையைக் கீழ்த் தாடையிலும் வைத்து முறுக்கினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் மெஷினின் தட்டில் விழுந்தது.

"இதென்ன கோகிலா?"

"ஷெட்டுல வேகவெச்சதுங்க சார்." குரல் எனக்கே கேட்கவில்லை. மேடம், "என்ன சொன்னீங்க?" என்றார்கள்.

மறுபடி சொன்னேன். "ஷெட்டுல வேகவெச்சதுங்க மேடம். காஞ்சது ஒடியுதுன்னு சுடுதண்ணில போட்டு எடுக்கறாங்க. கடைக்கு வரப்போறது இதுதானுங்க. உறைக்குள்ள இருக்கறது வேற."

மேடத்தின் கை சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. சார் மேசை மேலிருந்த உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து தாடைக்கு நடுவில் கையை விட்டுக் கட்டைவிரலால் பல்லை நெகிழ்த்தினார். விட்டார். மறுபடி நெகிழ்த்தினார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு கையை உயர்த்திக் கண்ணாடிக் கதவைக் கீழே இறக்கி, பச்சைப் பட்டனை அமுக்கினார்.